ஃபேன் இல்லாத மாடல் வரப்போகிறதாம்

முதலில் பார்த்தது நான் இல்லை. கம்பெனி பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் எளாவூர் அக்காதான் பார்த்தாள். எளாவூரில் பிறந்து பொன்னேரிப் பக்கம் வாக்கப்பட்டவள், அதனால் பஸ் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். அன்றைக்குக் காலை ஷிஃப்ட். பஸ் கும்மிடிப்பூண்டியை நெருங்குகிற நேரத்தில் போனை என் மடியில் போட்டாள்.

"ம்மே, இத்த கொஞ்சம் பாரு. இந்த ஆளு இன்னாமோ சொல்றான்."

நீல விளக்குக்கு முன்னால் தாடி வைத்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கல்யாணச் செய்தி சொல்கிறவன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. "நண்பர்களே, அடுத்து வரப்போற லேப்டாப் மாடல் பத்தி ஒரு தகவல் கசிஞ்சிருக்கு. இந்த வாட்டி உள்ள ஃபேனே கிடையாதாம்! சத்தமே வராது! செம்ம இல்ல?"

"செம்மயாம் செம்ம. இவன் வாயில மண்ண அள்ளிப் போட" என்றேன். வாய்தான் திட்டியது. போன் கையை விட்டு நழுவி சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

ஏனென்றால் நாங்கள் செய்வது அந்த ஃபேனைத்தான். லேப்டாப்புக்குள் சூடு ஏறினால் சுழன்று, ஓரத்து ஓட்டை வழியாகச் சூட்டை வெளியே தள்ளுகிற, உள்ளங்கையில் அடங்குகிற ஃபேன். எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள். ஒருத்தி பேரிங் வைப்பாள், இன்னொருத்தி இறக்கையைப் பொருத்துவாள், அடுத்தவள் ஒயரை ஒட்டுவாள். கடைசியில் அது என்னிடம் வரும். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் நான் இருப்பேன். ஃபேனை ஓடவிட்டு, காதில் ஹெட்செட் மாட்டிக் கேட்பேன். உரசல் கேட்டால் சிவப்புப் பட்டன், கேட்காவிட்டால் பச்சை. சத்தம் போடுகிற ஃபேன் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் என் வேலை. வருஷத்துக்கு வருஷம் இன்னும் சத்தம் குறையணும், இன்னும் குறையணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்களும் குறைத்துக்கொண்டே வந்தோம். கடைசியில் ஃபேனே வேண்டாம் என்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள், இங்கே என்ன செய்கிறோம், யாருக்குச் செய்கிறோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்று. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து வீட்டில்கூடச் சொன்னதில்லை. மகள் சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் "கம்பெனியில சின்னச் சின்ன சாமான் செய்றோம்டி" என்பேன். பெரியவளானதும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அவள் அப்பா அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு நானும் மகளும்தான். அவளுக்குக் காலேஜில் கடைசி வருஷம். இந்த வேலை இருந்தால் அவள் முடித்துவிடுவாள், இல்லாவிட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் வீடியோக்காரன் சிரித்தபடி சொன்ன அந்த ஒரு வார்த்தை என் மகள் படிப்பில் கை வைத்த மாதிரி இருந்தது.

வெறும் வதந்திக்கு இப்படிப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். நாங்கள் ஒரு லைன் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே சிடி தட்டு லைன் என்று ஒன்று இருந்தது. லேப்டாப் பக்கவாட்டில் பட்டனை அமுக்கினால் நாக்கை நீட்டுகிற மாதிரி ஒரு தட்டு வெளியே வருமே, அதைச் செய்தவர்கள். அடுத்த மாடலில் அந்தத் தட்டு இருக்காதாம் என்று அப்போதும் இப்படித்தான் ஒரு பேச்சு வந்தது. அந்த லைன் பெண்கள் சிரித்தார்கள். "தட்டு இல்லாம படம் எப்டி பாப்பாங்கோ?" என்று எங்களையே கேட்டார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்கள் லைனுக்குப் பூசணிக்காய் வரவில்லை. அவ்வளவுதான், கொஞ்ச நாளில் மெஷின்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் அது ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு லைனுக்கு ஒரு பூசணிக்காய். மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, அந்தந்த லைன் ஆட்களே தங்கள் காயைச் சுற்றி உடைப்போம். சிடி தட்டு லைனுக்கு நடந்ததற்குப் பிறகு அந்தக் காயைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதை யாரும் நம்புவதில்லை. பூசணிக்காய் வந்தால் அடுத்த வருஷமும் சோறு உண்டு என்று அர்த்தம். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த வீடியோவுக்குப் பிறகு பஸ்ஸில் சினிமாப் பாட்டு நின்றுபோனது. உள்ளே நுழையும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், போகும்போதும் வரும்போதும்தான் பார்க்க முடியும். ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு வதந்தி. அடுத்த மாடல் காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்குமாம். ஒருதடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க நிற்குமாம். நாம் பேசினால் அதுவே டைப் அடிக்குமாம். "கலரு மாறுதாம்கா" என்று ஒரு பெண் சொன்னால், "கலரு எந்த எழவா இருந்தா நமக்கின்னா, ஃபேன் கீதா இல்லியா, அத்த சொல்லு" என்று எளாவூர் அக்கா பாய்வாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு அப்போது எந்தச் சத்தமும் மணியோசைதான். கோட் போட்ட இரண்டு பேர் லைன் ஓரமாக நின்று தரையை அளந்தால் பயம். இன்சார்ஜ் தம்பி வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினால் இன்னும் பயம். அவன் தெற்கத்திப் பையன், நல்ல பிள்ளை. "தம்பி, ஃபேன் இல்லாத மாடல் வருதாமே, மெய்யா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"அதெல்லாம் யூடியூப்ல ஆயிரம் சொல்வாங்க அக்கா. நீங்க வேலையப் பாருங்க" என்றான்.

இல்லை என்று அவன் சொல்லவில்லை. அதை நான் அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஃபேனாகக் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. இது எந்த ஊரில் யார் மடியில் போய் ஓடுமோ, அவர்கள் இதை வேண்டாம் என்பார்களோ என்று ஒவ்வொன்றுக்கும் பயந்தேன்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என் மகளே ஒரு லேப்டாப் வாங்கக் காத்திருந்தாள். அவளிடம் இருந்தது என் அண்ணன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அவன் அடித்து ஓட்டி, வேண்டாம் என்று விட்டது இவளிடம் வந்தது. எங்கள் வீடு ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். வெயில் ஏறினால் மனுஷிக்கே தாங்காது, மெஷின் என்ன செய்யும்? தொட்டால் சுடும். அதனால் என் இட்லித் தட்டை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்துத்தான் படிப்பாள். குழிகளுக்கு நடுவில் காற்று போகுமாம். "இட்லி ஊத்த தட்டு தேடினா இன்னாடி பண்ணி வெச்சிருக்கற?" என்று முதலில் கத்தினேன். பிறகு இன்னொரு தட்டு வாங்கிவிட்டேன்.

அதன் ஃபேன் போடும் சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! பேரிங் தேய்ந்துபோய் கரகரவென்று உறுமும். என் அறைக்கு வந்திருந்தால் கேட்ட மாத்திரத்தில் சிவப்புப் பட்டன்தான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் நான் காலையில் வந்து சுவரோரமாகப் படுத்துக்கொள்வேன். அவள் காலேஜ் இல்லாத நாட்களில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படிப்பாள்.

"பழசத் தூக்கிப் போட்டுட்டு ஒண்ணு வாங்கித் தொலையேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"கொஞ்சம் பொறும்மா. அடுத்த மாடல் வரப்போவுது. அத்தத்தான் வாங்கணும்."

"இப்ப கடையில கீறதுக்கு இன்னா கேடு?"

"இது எல்லாமே சத்தம் போடும்மா. அது போடாதாம். உள்ள ஃபேனே இல்லியாம்" என்றாள். அந்தத் தாடிக்காரன் சிரித்த அதே சிரிப்பு அவள் முகத்திலும்.

சோற்றைப் பிசைந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா, உப்பு பத்தலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எளாவூர் அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. ஒருநாள் பஸ்ஸில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "வாங்கறவங்கோ கேக்கறத்ததான கம்பெனிக்காரன் செய்வான்? வாங்கறவங்கோ மாரி நாம கேப்போம். எல்லாரும் அந்த வீடியோவுக்குக் கீழ எழுதுங்கோ, ஃபேன் வோணும்னு."

அப்போது அது பெரிய யோசனையாகத்தான் பட்டது. முன்சீட்டுப் பெண் ஒருத்தி டைப் அடித்தாள்: "ஃபேன் கண்டிப்பாக வேண்டும் அண்ணா. ஃபேன் இல்லாவிட்டால் லேப்டாப் சூடாகும்." அதையே எல்லோருக்கும் அனுப்பினாள். பஸ் தொழிற்பேட்டைக்குள் திரும்புவதற்குள் அத்தனை பேரும் அதை ஒட்டிவிட்டோம். ஒரு எழுத்து மாறவில்லை. அன்று முழுக்க எல்லோர் முகத்திலும் தெம்பு. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

சாயங்காலம் போனைக் கையில் வாங்கினால், வீடியோக்காரன் பதில் போட்டிருந்தான்: "நீங்க எல்லாம் இப்ப எந்த லேப்டாப் யூஸ் பண்றீங்க?"

பஸ்ஸில் ஒருத்தியிடமும் லேப்டாப் கிடையாது. இத்தனை வருஷமாக லேப்டாப்பின் மூச்சையே செய்துகொண்டிருந்தோம், ஆனால் அது என்ன பெயர், என்ன மாடல் என்று ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. "எங்க மாமா ஆபீஸ்ல ஒண்ணு கீதுக்கா" என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்கள் கதை அப்படியே ஆகிவிட்டது. அடுத்த வீடியோவில் அவன் எங்கள் கமெண்டை எல்லாம் பெரிதாகப் போட்டுக் காட்டினான். "பாருங்க நண்பர்களே, எல்லாம் ஒரே வார்த்தை. யாரோ சொல்லிக்கொடுத்து எழுத வெச்சிருக்காங்க. இவங்கள விடுங்க. நிஜமா வாங்கப்போறவங்க சொல்லுங்க, அடுத்த மாடல்ல உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டான்.

மடை திறந்த மாதிரி வந்து கொட்டினார்கள். தோள் வலிக்கிறது, கனம் குறைய வேண்டும் என்று ஒருத்தர். மடியில் வைத்தால் தொடை வேகிறது என்று ஒருத்தர். மீட்டிங்கில் பேசும்போது ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறதாம், மானம் போகிறதாம். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வேலை செய்கிற ஒரு தாய், ஃபேன் உறுமினால் பிள்ளை எழுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க எனக்குப் பயம் கூடியது. அவர்கள் கேட்டதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை. அநியாயமாகக் கேட்டிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், மனசாவது ஆறியிருக்கும்.

அதற்குள் நைட் ஷிஃப்ட் வாரம் வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலை, எளாவூர் அக்கா போனை முகத்துக்கு நேராகப் பிடித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "ஏய், கேளுங்கோடி. இருக்கறதுலயே இதுக்குத்தான் லைக்கு ஜாஸ்தி. 'எங்க வீடு ஒரே ரூம். அவ்ளோ சூடு ஆகறதால லேப்டாப்ப இட்லித் தட்டு மேல வெச்சுத்தான் யூஸ் பண்றேன்.'"

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. "இட்லித் தட்டாமே! வெந்துச்சான்னு குத்திப் பாப்பாளா?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை.

அக்கா தொடர்ந்து படித்தாள். "'ஃபேன் போடற சத்தத்துல, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுக்கற எங்க அம்மாவால தூங்க முடியல. ஃபேன் இல்லாத மாடல் சீக்கிரம் வரணும். எங்க அம்மாவுக்காகத்தான் வெயிட் பண்றேன்.'" படித்து முடித்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது. "அம்மா தூங்கணுமாம், அம்மா! இவ ஆத்தாக்காரி தூங்கறதுக்கு நம்ம ஊட்டு அடுப்புல தண்ணி ஊத்தணுமா? இவ ஊட்டு அடுப்பு அவிஞ்சி போவ! இவ படிச்ச படிப்பு வெளங்காம போவ!"

"ஆமாக்கா, நல்லா சொல்லு!" என்று நாலைந்து குரல் எழுந்தது.

எல்லோரும் என் கூடச் சாப்பிடுகிறவர்கள். என் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டவர்கள். அவர்கள் வாயாலேயே என் பிள்ளைக்குச் சாபம். எழுந்து அக்காவின் வாயைப் பொத்தலாமா, அது என் பொண்ணுடி என்று கத்தலாமா என்று தோன்றியது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? உன் வீட்டுக்குள் இருந்தே எங்களுக்கு உலை வைத்தாயா என்று கேட்பார்கள்.

"இன்னாமே, பேயறஞ்ச மாரி கீற?" என்று அக்கா என் தோளைத் தட்டினாள்.

"தூக்கம்கா" என்றேன்.

லைன் போய்விடுமோ என்று அதுவரை பயந்தது ஒரு பயம். இது வேறு. வயிறெரிந்து சொன்ன வார்த்தை சும்மா போகாது என்று நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அதுவும் அடுப்பு அவியட்டும் என்று சொன்னாளே, அது என் அடுப்புதானே! லைன் போனால் அது தானாகவே அவிந்துவிடும். சாபம் பலிக்க ஒரு சாமியும் வர வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

மகள் நாஷ்டா செய்து மூடி வைத்துவிட்டு, இட்லித் தட்டு மேல் இருந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. நான் கை கால்கூடக் கழுவவில்லை. நேரே போய்க் கல்லுப்பையும் காய்ந்த மிளகாயையும் கையில் அள்ளி, அவளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்துத் தலையைச் சுற்றினேன்.

"யம்மா, இன்னா ஆச்சி உனுக்கு?"

"வாய மூடிக்கினு குந்து. கண்ணு பட்டுகீது."

"எவ கண்ணு?"

"ஊர்க் கண்ணு. துப்பு, மூணு வாட்டி துப்பு."

துப்பினாள். வாணலியைக் காயவைத்து மிளகாயைப் போட்டேன். மிளகாய் கருகியது, உப்பு படபடவென்று வெடித்தது, ஆனால் நெடி வரவில்லை. எனக்கும் தும்மல் இல்லை, அவளுக்கும் இல்லை. நெடி வராவிட்டால் பட்ட கண் கொடியது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஜன்னல் திறந்திருந்தது, காற்று அந்தப் பக்கம் போயிருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, இன்னொரு பிடி மிளகாயை அள்ளினேன்.

அதைப் பார்த்து மகள் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டாள். "ஷிஃப்ட்டு ஒத்துக்கல உனுக்கு. நீ படும்மா. நான் பக்கத்து ஊட்ல போய்ப் படிக்கறேன்" என்றாள். என்னைத் தூங்கவைக்க அவள் படுகிற பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவளிடம் எதைச் சொல்வது? எனக்காகத்தான் கேட்டாள். கேட்டது கிடைத்தால் எங்கள் பிழைப்பு போய்விடும் என்று அவளுக்குத் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே குட்டி யானை வண்டி கேட்டுக்குள் நுழைந்து பூசணிக்காய்களை இறக்கியது. நாங்கள் மெஷினைத் துடைக்கிற சாக்கில் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு லைனாக ஆள் வந்து ஒரு காயைத் தூக்கிப் போனார்கள். கடைசிக் காயை மோல்டிங் லைன் ஆட்கள் தூக்கிப் போனதும் தரை காலியாகிவிட்டது.

இன்சார்ஜ் தம்பி வந்தான். "அக்கா, இந்த வருஷம் நம்ம லைனுக்குத் தனியா வேணாம்னு சொல்லிட்டாங்க. பக்கத்து லைனோட சேர்ந்து கும்பிட்டுக்கலாம்" என்றான். அவன் எங்களைப் பார்க்கவில்லை, என் மேஜை மேல் இருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்.

யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. வாயாடிகள் எல்லாம் வாயடைத்துப்போய் மெஷினுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேரிங் வைக்கிற பெண் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எளாவூர் அக்காவைக் காணோம். தேடினால், கேட்டுக்கு வெளியே போய், தெருமுனையில் குவித்து வைத்து விற்பவனிடம் ஒரு பூசணிக்காயை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். செக்யூரிட்டி மறித்துக்கொண்டார்.

"வெளிய இருந்து சாமான் உள்ள போவக் கூடாதும்மா. கேட் பாஸ் கீதா?"

"பூசணிக்காய்க்கு கேட் பாஸா நைனா? இது இன்னா வெடிகுண்டா?"

"என்கிட்ட பேஜாரு பண்ணாதம்மா. ரூல்னா ரூல்தான்."

அக்கா அவர் பரம்பரையையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சரி, உள்ளே விடாவிட்டால் என்ன, வெளியே நின்று உடைப்போம் என்றாள். பூஜை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் எங்கள் லைன் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு எதிரே ரோட்டோரம் கூடினோம். காயில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றினாள். காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து போனது. அந்த நெருப்பு அணைவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பு அவிஞ்சி போவ என்று அவள் சொன்னதுதான் காதில் கேட்டது.

"அக்கா" என்றேன். "அந்த இட்லித் தட்டு எழுதினது யாருன்னு தெரியுமா?"

"எவ அவ?"

"எம் பொண்ணுக்கா."

பஸ்காரன் ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை. அக்கா என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ காயைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் கன்னத்தில் பட்பட்டென்று போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, எம் வாயில கொள்ளி வெக்க! நம்ம புள்ளயவா சொன்னேன்? அவ காதுகுத்துக்கு வந்து துன்னுட்டுப் போனவளாச்சேடி நானு! அப்பவே சொல்றதுக்கு இன்னாடி கேடு உனுக்கு?"

"பயமா இருந்துச்சிக்கா."

"எந்தப் பக்கம் உங்க ஊடு?" என்று கேட்டாள். தெரிந்த வீடுதான், பதற்றத்தில் கேட்டாள். கையைக் காட்டினேன். காயை வாங்கி அந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, நான் சொன்னதெல்லாம் என்னோட போவட்டும், பச்சப் புள்ளய உட்டுடு தாயே என்று முனகி முனகிச் சுற்றினாள்.

"அப்ப லைனுக்குக்கா?" என்று பேரிங் பெண் கேட்டாள். இருந்தது ஒரு காய்தான்.

"லைன் கெடக்குதுடி. மொதல்ல புள்ள" என்று ஓங்கி ரோட்டில் போட்டு உடைத்தாள். சிவப்பாகச் சிதறியது. பிறகு வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவார்களே என்று எல்லோரும் குனிந்து துண்டு துண்டாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டோம். பஸ்ஸில் ஏறியதும் அக்கா என் கையைப் பிடித்தவள், பொன்னேரி வரைக்கும் விடவில்லை.

லீவு முடிந்து போனபோது லைனில் பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூடியிருந்தது. இன்சார்ஜ் தம்பி எங்களில் பாதிப் பேரைத் தனியாக நிறுத்தினான். நானும் அக்காவும் அதில் இருந்தோம். "ஆர்டர் கொஞ்சம் கம்மியா இருக்கு. வீட்ல இருங்க அக்கா. கூப்பிடறப்ப வந்தா போதும்" என்றான். எங்களை மாதிரி காண்ட்ராக்ட் ஆட்களை யாரும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். எப்போது கூப்பிடுவாய் என்று கேட்டேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள் என்றான்.

மகளிடம் லீவு என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "நல்லா தூங்கும்மா, எத்தன வருஷத்து தூக்கம் பாக்கி கீது" என்று பாயை விரித்துப் போட்டாள். மத்தியான வெயிலில் ஷீட் தகதகவென்று கொதித்தது. சுவரோரம் படுத்தேன். அவள் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்து இட்லித் தட்டு மேல் லேப்டாப்பைத் திறந்தாள். ஃபேன் கரகரவென்று உறுமத் தொடங்கியது. எப்படித்தான் கண் அசந்ததோ, தூங்கிப்போனேன்.

திடுக்கென்று விழித்துக்கொண்டேன். என்னவென்று ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, சத்தம் நின்றுவிட்டிருந்தது. மகள் லேப்டாப்பை அணைத்துவிட்டு, காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி நிறுத்தின?" என்று கத்தினேன்.

"நீ தூங்கறியேன்னுதான்மா. சத்தம் போடுது..."

"அது நின்னதாலதான்டி முழிச்சிக்கினேன்! உன்ன எவடி நிறுத்தச் சொன்னா?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் மிரண்டுபோய்ப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சின்னச் சின்ன சாமான் என்றேனே, அது இதுதான் என்றேன். பஞ்சு அறையைச் சொன்னேன், பூசணிக்காயைச் சொன்னேன், அவள் எழுதியதைப் பஸ்ஸில் படித்ததைச் சொன்னேன். லீவு இல்லை, கூப்பிட்டால்தான் வேலை என்றும் சொன்னேன்.

"எனுக்குத் தெரியாதும்மா" என்றாள். பிறகு, "நான் போய் அத்த அழிச்சிடறேன். அந்த மாடலும் வாணாம் எனுக்கு" என்று அழுதாள்.

"அழிச்சா? ஊர்ல ஒருத்தி கேக்கலன்னா நின்னுடுமா? எவளுக்கும் சத்தம் வாணாம்தான். நீ கேட்டதுல தப்பு இல்லடி." அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். "உன் சத்தத்துல நான் ஒரு நாளும் முழிச்சதில்ல. அது கேட்டாத்தான் நாளைக்கும் வேலை கீதுன்னு தூக்கம் வரும். போடு அத்த. போட்டுக்கினு படி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பட்டனை அமுக்கினாள். ஃபேன் முக்கி முனகி, ஒருவழியாகச் சுழலத் தொடங்கியது. பேரிங் முழுக்கத் தேய்ந்துவிட்டது, ரொம்ப நாள் தாங்காது என்று படுத்தபடியே எனக்குக் கேட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. இந்தச் சத்தத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தால் மணி காதில் விழாமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. போனை எடுத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.